பாலைவனத்தில் பார்க்காத நாய்

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 44 வயது. 2020 பிப்ரவரியில் நானும் கணவரும், அப்போது ஒன்பது வயதாக இருந்த மகளும் மொராக்கோ போனோம். மராகெஷிலிருந்து காரில் மெர்சூகா, அங்கிருந்து சஹாராவின் மணல்மேடுகள். போக வர எல்லாம் சேர்த்து ஐந்து நாள். திரும்பி வந்த மூன்றாவது வாரம் ஊரடங்கு. அடுத்த ஒன்றரை வருடம் நாங்கள் மூவரும் மாமனாரும் ஒரே வீட்டுக்குள் இருந்தோம். முழங்கால் வலியால் மாமா பயணத்துக்கு வரவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் அவருக்குப் பாலைவனக் கதை சொல்வோம். பையைச் சுத்தம் பண்ணும்போது தையலுக்குள் கொஞ்சம் மணல் கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்பார். 2021 கடைசியில் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

மகளுக்காக இரண்டையும் எழுதிவைக்கலாம் என்று இப்போது உட்கார்ந்தேன். பாலைவனம் முப்பது பக்கம் வந்துவிட்டது. ஒட்டகம் பின்னங்காலை முதலில் நிமிர்த்தி எழுந்ததில் நான் அதன் கழுத்தில் போய் விழப் பார்த்தது, வழிகாட்டி என் தலையில் நீலத் துணியைச் சுற்றிவிட்டது, இரவுக் குளிரில் மூன்று போர்வைக்குள் கிடந்து நட்சத்திரம் பார்த்தது, வெயிலில் சூடேறிய மணலுக்குள் கையை விட்டால் உள்ளே சில்லென்று இருந்தது, எல்லாம் அப்படியே இருக்கிறது. வீடு மட்டும் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. ஒன்றரை வருடமும் ஒரே நாள் மாதிரி இருக்கிறது. மாமா எதிரிலேயே இருந்தார். என்ன பேசினார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் இருந்தது என்கிறார் கணவர். இல்லவே இல்லை என்கிறேன் நான். நானூறு படத்தில் ஒன்றில்கூட நாய் இல்லை. மகள் அப்பா கட்சி. மாமாகூட ஒவ்வொரு தடவையும் “அங்க நாய் இருந்துதா?” என்று கேட்பார். நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

எனக்கு மறதி நோய் ஆரம்பமா? இல்லை, மாமா மேல் எனக்கு அக்கறையே இல்லாமல் இருந்ததா? யாரிடமும் சொல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். ஊரெல்லாம் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்கள் திரும்ப வராதா என்று சில சமயம் ஏக்கமாக இருக்கிறது. இது தப்பா?

– பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நான் மருந்து எழுதித்தரும் டாக்டர் இல்லை, உளவியல் ஆலோசகர். அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது, பரவாயில்லை. உங்களைப் பயமுறுத்துகிற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மறதி நோய் பொதுவாகப் புதிதாக நடப்பதைத்தான் முதலில் பிடிக்கும். நேற்று யார் போன் பண்ணினார்கள், இந்தக் கதையை இவரிடம் ஏற்கெனவே சொன்னோமா, தெரிந்த தெருவில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தடுமாறும். சில வருடத்துக்கு முந்தைய ஒரு காலம் மட்டும் மங்கலாக இருப்பது அந்த ரகம் இல்லை. கொரோனா வந்துபோன பிறகு சிலருக்கு யோசனை மந்தமாகிறது, உண்மைதான். ஆனால் அது இன்றைய வேலையில் தெரியும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஒரு கணக்கு. ஐந்து நாளும் அப்படியே நினைவிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மறுபடி படித்து எண்ணிப் பார்த்தேன். ஒட்டகம், தலைத்துணி, நட்சத்திரம், மணலுக்குள் கை. நான்கு காட்சி. படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்ததைத் தாராளமாகக் கணக்கு வைத்தாலும் நான்கும் சேர்ந்து இரண்டு மணி நேரம் தேறாது. முப்பது பக்கத்தில் இன்னும் பத்துக் காட்சி இருக்கலாம். அப்படியும் ஒரு பகல்பொழுது ஆகாது.

மராகெஷிலிருந்து மெர்சூகா கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர். நடுவில் அட்லஸ் மலையை 2,260 மீட்டர் உயரத்தில் டிஷ்கா கணவாய் வழியாகத் தாண்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பது வயதுக் குழந்தை அந்த வழியில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் வந்திருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். போகவும் வரவும் உங்கள் ஐந்து நாளில் பாதி காருக்குள் கழிந்திருக்கும். கடிதத்தில் அதைப் பற்றி “காரில்” என்ற ஒரு சொல் இருக்கிறது. சஹாரா என்றதும் எல்லோருக்கும் மணல்மேடுதான் கண்ணுக்கு வரும். ஆனால் அந்தப் பாலைவனத்தில் மணல் கடல் மாதிரி கிடப்பது ஏறக்குறைய கால் பங்குதான். மற்றதெல்லாம் கல், சரளை, வெறும் பாறைத் தரை. நீங்களும் ஜன்னல் வழியாக அந்தக் கல்லைத்தான் மணிக்கணக்கில் பார்த்திருப்பீர்கள். மனசு மணலை எடுத்து வைத்துக்கொண்டு கல்லைப் போட்டுவிட்டது.

ஆகையால், பாலைவனம் முழுசாக இருக்கிறது, வீடு முழுசாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் பெரும்பகுதி போய்விட்டது. பாலைவனத்தில் தப்பிய துண்டுகளுக்குப் பளபளப்பு ஏறியிருக்கிறது. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதில் கொஞ்சம் அந்த இடமே கொடுத்தது. புதிய இடத்தில் மனசு எல்லாவற்றையும் பதிவு பண்ணும், பழகிய இடத்தில் ‘அதேதான்’ என்று தள்ளிவிட்டுப் போகும். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். புதுமை நிறைந்த பொழுது நடக்கும்போது சீக்கிரம் போய்விடும், பிறகு நினைத்துப் பார்த்தால் நீளமாகத் தெரியும். வெறுமையான பொழுதுக்கு இது தலைகீழ்: நகரவே நகராது, பிறகு திரும்பிப் பார்த்தால் சுருங்கிக் கிடக்கும். ஊரடங்கில் நாம் எல்லோருமே இதற்குள் மாட்டினோம். இன்றைக்குக் கிழமை என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கும்.

1962-ல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் ஒரு குகைக்குள் இறங்கி, தனியாக இரண்டு மாதம் இருந்தார். ஜூலை 16-ல் போனவரை செப்டம்பர் 14-ல் மேலே வரச் சொன்னார்கள். அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. கிட்டத்தட்ட 25 நாள் காணாமல் போயிருந்தது. அதற்காக அந்த 25 நாளையும் அவர் அக்கறையில்லாமல் வாழ்ந்தார் என்று சொல்வீர்களா?

இது பாதிக் காரணம். இதோடு நின்றால் உங்கள் பாலைவனத்திலும் இவ்வளவு துல்லியம் இருக்காது. நிறையப் பேர் வெளிநாடு போய் வருகிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்துக் கேட்டால் “நல்லா இருந்துச்சு, வெயில் ஜாஸ்தி” என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு முப்பது பக்கம் வந்ததென்றால், அதை நீங்கள் ஒன்றரை வருடம் தினமும் சாயங்காலம் சொல்லிச் சொல்லிச் செய்ததால்தான். வாரத்தில் நான்கு நாள் என்று வைத்தாலும் முந்நூறு தடவை. ஒட்டகம் எழுந்த கதையை முந்நூறு தடவை சொன்னால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் மாமா சிரிப்பார் என்பதெல்லாம் தானாகப் படிந்துவிடும். மொராக்கோவிலிருந்து நீங்கள் கொண்டுவந்தது வெறும் மூலப்பொருள். அந்தப் பாலைவனம் உருவானது பூட்டிய வீட்டுக்குள், அந்த மனிதரின் எதிரில்.

அவருடைய முகம் ஏன் தங்கவில்லை என்றால், கதை சொல்கிறவரின் கவனம் கதையில் இருக்கும். எதைச் சொன்னோம் என்பது நினைவிருக்கும் அளவுக்கு யாரிடம் சொன்னோம் என்பது நம் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆராய்ச்சியில் பார்த்த விஷயம்தான் இது. ஒரே துணுக்கை அதே ஆளிடம் மூன்றாவது தடவை சொல்லி மாட்டிக்கொள்ளாதவர் யார்? நீங்கள் அவரைக் கவனிக்காமல் இல்லை. அவருக்காகப் பாலைவனத்தைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது நாய்க்கு வருவோம். கடிதத்தில் ஓரமாக ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கோ அதுதான் நடுவில் நிற்கிறது.

எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975-ல் மாணவர்களுக்கு ஒரு சின்னப் படத்தைக் காட்டினார். கிராமத்துச் சாலையில் ஒரு கார் போகிறது, விபத்தில் சிக்குகிறது. பிறகு பாதிப் பேரிடம், சாலையோரக் களஞ்சியத்தைத் தாண்டும்போது கார் என்ன வேகத்தில் போனது என்று கேட்டார். மற்றவர்களிடம் கேட்ட கேள்வியில் களஞ்சியம் இல்லை. படத்திலும் களஞ்சியமே கிடையாது. ஒரு வாரம் கழித்து, களஞ்சியத்தைப் பார்த்தீர்களா என்று விசாரித்தால், அந்தக் கேள்வியைக் கேட்ட குழுவில் 100-க்கு 17 பேர் பார்த்தேன் என்றார்கள். மற்றக் குழுவில் 3 பேர்கூட இல்லை. கேள்விக்குள் ஒளிந்திருந்த ஒரு பொருள் ஒரு வாரத்தில் கண்ணால் கண்ட காட்சியாகிவிட்டது. ஒரே ஒரு தடவை கேட்டதற்கு இப்படி.

உங்கள் மாமா ஒன்றரை வருடம் கேட்டிருக்கிறார்.

“அங்க நாய் இருந்துதா?” என்று கேட்டவுடன் பதில் சொல்வதற்காகவாவது மனசு கூடாரத்துப் பக்கம் போய் ஒரு நாயைத் தேட வேண்டியிருக்கிறது. தேடும்போதே ஒரு நாயின் உருவம் அங்கே வந்து நின்றுவிடும். நீங்கள்தான் பதில் சொல்கிறவர், ஒவ்வொரு தடவையும் ‘இல்லை’ என்று அதை விரட்டினீர்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த கணவருக்கும் மகளுக்கும் விரட்டுகிற வேலை இல்லை. அவர்களிடம் அது தங்கிவிட்டது. நாளாக ஆக உருவம் மட்டும் நிற்கும், எங்கிருந்து வந்தது என்ற சீட்டு உதிர்ந்துவிடும்.

இப்படித்தான் நடந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். நிஜமாகவே ஒரு நாய் இருந்திருக்கவும் கூடும். படத்தில் இல்லை என்பது சாட்சி ஆகாது. யாரும் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துத்தான் கேமராவைத் திருப்புவார்கள், முதுகுக்குப் பின்னால் படுத்திருக்கும் நாயைப் பார்த்து இல்லை. உங்கள் ‘இல்லவே இல்லை’யும் ஒரு நினைவுதான், அதுவும் முந்நூறு தடவை சொல்லிக் கெட்டிப்பட்டது.

நானும் இதில் அடி வாங்கியிருக்கிறேன். ஊரடங்கின் முதல் நாள் நல்ல மழை என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் தனியறை இல்லாததால் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து போனில் ஆலோசனை கொடுத்த காலம் அது. கண்ணாடி நான்கையும் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் நோட்டை வைத்துக் குறிப்பெடுப்பேன். எதிர்முனையில் ஒரு பெண் குளியலறையிலிருந்து பேசினார். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து வைத்திருப்பார். அவர் குரலோடு தண்ணீர்ச் சத்தம் வரும். போன வருடம் அந்த நோட்டைப் புரட்டினேன். முதல் நாள் பக்கத்தில், கார் அடுப்பாகக் கொதிக்கிறது என்று எழுதியிருக்கிறேன். மழை பதினோரு நாள் தள்ளி வருகிறது. அந்தக் குழாய்ச் சத்தம்தான் மழையாக மாறி முதல் நாளுக்கு நகர்ந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். நிரூபிக்க வழியில்லை. இப்போதும் கண்ணை மூடினால் மழைதான் பெய்கிறது.

அக்கறை இல்லையா என்ற கேள்விக்கு, உங்களுக்கு முன்னால் அதே வழியில் போன ஒருவரைச் சொல்கிறேன். மெர்சூகாவுக்கு முன்னால் ரிசானி என்ற ஊரைத் தாண்டியிருப்பீர்கள். அதன் பக்கத்தில் சிஜில்மாசா என்ற பழைய வணிக நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. மொராக்கோக்காரரான இப்னு பதூதா என்ற பயணி 1352-ல் ஒரு வணிகக் கூட்டத்தோடு அங்கிருந்துதான் சஹாராவைக் கடக்கக் கிளம்பினார். அதுவும் பிப்ரவரிதான். 25 நாள் கழித்து தகாஸா என்ற உப்பு ஊரைச் சேர்ந்தார். வீட்டுச் சுவரெல்லாம் உப்புப் பாளம், கூரை ஒட்டகத் தோல், மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது என்று அதை விவரிக்கிறார். ஊர் திரும்பிய பின் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்பவர் எழுதிக்கொண்டார். 1355-ல் அந்த வேலை முடிந்தது.

அந்த மனிதர் பெருங்கொள்ளைநோயையும் பார்த்தவர். 1348-ல் அவர் டமாஸ்கஸில் இருந்தபோது மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அடுத்த வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பி வரும்போதுதான், தன் தாயும் அதே கொள்ளைநோயில் போய்விட்டார் என்ற செய்தி அவருக்குக் கிடைக்கிறது. உப்பு வீட்டுக்குக் கூரை என்ன என்று சொன்னவர், தாயின் சாவைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவருக்குத் தாய் மேல் பாசம் இல்லை என்று நான் படிக்கவில்லை. உப்பு வீட்டைச் சொல்ல வார்த்தை இருந்தது.

நம்மிடமும் இதே கணக்குதான். அகநானூற்றின் 400 பாட்டில் 200 பாலைத் திணை. முல்லைக்கு 40. பாலை என்றால் அங்கே சஹாரா மாதிரி மணல் இல்லை, காய்ந்து வறண்ட காடும் மலையும்தான். ஆனால் பாலைக்குப் பிரிவு, முல்லைக்கு வீட்டில் காத்திருத்தல் என்று வைத்தார்கள். கிளம்பிப் போவதைப் பாட இருநூறு, இருந்த இடத்தில் இருப்பதைப் பாட நாற்பது. உங்கள் முப்பதுக்கு ஒன்று கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதைச் சரி பண்ணலாம்.

நீங்கள் செய்த தவறு, வீட்டையும் பாலைவனத்தைப் போலவே எழுத உட்கார்ந்தது. முதல் நாளிலிருந்து தொடங்கி என்ன நடந்தது என்று எழுதினால் ஊரடங்கில் எதுவும் வராது, ஏனென்றால் எதுவும் ‘நடக்கவில்லை’. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டகம் என்றால் உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் வந்து நிற்கும். சோபா என்று சொன்னால்? பத்து வருடச் சாயங்காலமும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும். எதையும் தனியாக உருவ முடியாது. அதனால் அந்தக் காலத்துக்கு மட்டும் சொந்தமான பொருளாகப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அலமாரியில் எங்கேயாவது கிடக்கும், பேட்டரி போட்டு மாமா விரலில் வைத்த மாதிரி உங்கள் விரலில் வையுங்கள். அந்த வருடம் வாங்கிய அதே சானிடைசர் கொஞ்சம் மிச்சம் இருந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாசனைக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். மகள் எந்த மேசையில் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தாள், அவள் பின்னால் யாரும் நடக்கக் கூடாதென்று வீட்டில் யார் எந்த வழியாகச் சுற்றிப் போனார்கள்? முழங்கால் வலிக்காரர் அந்தச் சுற்றை எப்படிச் சமாளித்தார்? சலூன் பூட்டியிருந்த மாதங்களில் அவருக்கு முடி வெட்டியது யார்? நீங்கள் என்றால் ஒரு சீப்பையும் கத்தரியையும் கையில் எடுத்துப் பாருங்கள். அவர் காது மடலை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்தது வாய்க்கு முன்னால் கைக்கு ஞாபகம் வரும்.

போனில் அழகான படங்களைத் தேடாதீர்கள். சும்மா எடுத்த படங்கள்தான் வேண்டும். மாத்திரை அட்டையைப் படம் எடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பியது, மின்சார மீட்டர், குழந்தை தவறி அமுக்கியதில் விழுந்த தரை. ஓரத்தில் அவருடைய செருப்பு இருக்கும். அந்த நாட்களின் குறுஞ்செய்திகளையும் தேதி வாரியாக ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். குடும்பக் குழுவில் அவருடைய குரல் பதிவு ஏதாவது இருந்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட பிறகு அன்றைக்கு வேறு எதுவும் எழுத ஓடாது.

சாட்சிகளை விசாரிக்க ஃபிஷர், கைசல்மேன் என்ற இருவர் 1980-களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு உத்தி, அதே காட்சியை வேறொருவர் இருந்த இடத்திலிருந்து சொல்லச் சொல்வது. ஒரு சாயங்காலம், நீங்கள் கதை சொன்ன அதே நேரத்தில், மாமாவின் நாற்காலியில் உட்காருங்கள். எதிரில் நீங்கள் இருக்கிறீர்கள். கையைத் தூக்கி ஒட்டகத்தின் உயரத்தைக் காட்டுகிறீர்கள். அவர் கையில் மணல். எவ்வளவு மணல்? ஒரு சிட்டிகையா, குழி நிறையவா? சிந்தாமல் இருக்க என்ன பண்ணினார்? கதை முடிந்ததும் அதை எதில் போட்டு வைத்தார்? இதில் கற்பனை கலந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் உறுதியானதைப் பேனாவிலும் சந்தேகமானதைப் பென்சிலிலும் எழுதுங்கள். ஞாபகமில்லை என்பதையும் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து மகள் படிக்கும்போது உங்கள் ‘தெரியவில்லை’யும் அவளுக்கு ஒரு தகவல்தான்.

முக்கியமாக, மூவரும் கூடி உட்கார்ந்து பேசி எழுதாதீர்கள். குடும்பமாக நினைவுகூர்வது இனிமைதான், ஆனால் உரத்த குரல்காரரின் நினைவு எல்லோருடையதாகிவிடும். முதலில் தனித்தனியாக எழுதுங்கள், எழுதி முடிக்கும் வரை ஒருவருக்கொருவர் காட்டாதீர்கள். மகளிடம் “தாத்தா உனக்குக் கணக்குச் சொல்லித்தந்தாரே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்காதீர்கள், களஞ்சியக் கதை ஆகிவிடும். “தாத்தாவைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒன்பது, பத்து வயதில் அவள் தாத்தாவோடு உங்களுக்குத் தெரியாத ஒரு உலகத்தை நடத்தியிருப்பாள்.

ஏக்கத்துக்கு வருகிறேன். தப்பில்லை. 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே கருதி, நாஸ்டால்ஜியா என்று அதற்குப் பேர் வைத்தார். இன்று யாரும் அதை நோய்ப் பட்டியலில் வைப்பதில்லை. நீங்கள் ஏங்குவது கிருமிக்காக இல்லையே. நான்கு பேரும் ஒரு கூரையின் கீழ் இருந்தார்கள், யாரும் எங்கேயும் கிளம்பப் போவதில்லை, ஆறு மணிக்குக் கதை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-ல் பெருந்தொற்று என்றது, 2023 மே 5-ல் அவசரநிலை முடிந்தது என்றது. நடுவில் இருந்த காலம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. வாசலில் சாமான் வைத்துவிட்டு எட்டி நின்ற டெலிவரி இளைஞருக்கு அது வேறு வருடம், வார்டில் நின்ற நர்ஸுக்கு வேறு வருடம். உங்களுக்குக் கிடைத்தது பாதுகாப்பான வருடம். அது உங்களுக்கே தெரியும், இல்லையென்றால் ‘தப்பா’ என்று கேட்டிருக்க மாட்டீர்கள். எழுதும்போது அந்த டெலிவரி இளைஞருக்கும் ஒரு பத்தி கொடுங்கள், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எழுதத் தொடங்கிய பிறகு தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், மாமா இல்லை என்பதை இன்னும் நம்பவே முடியாத மாதிரி வாரக்கணக்கில் இருந்தால் நிறுத்திவிட்டு நேரில் யாரையாவது பாருங்கள். அன்று அடக்கி வைத்த துக்கம் இன்று வரலாம். சாவு வீட்டுக்கே நாலு பேர் சேர்ந்து வர முடியாமல் இருந்த காலம் அது. நிறையப் பேர் சரியாக அழவே இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து அழுதீர்கள் என்றால் அது நோய் இல்லை, அழுதுவிட்டு எழுதுங்கள்.

நாயை என்ன செய்வது? கணவரோடு அதற்காகச் சண்டை போடாதீர்கள், அவர் எழுதியதிலிருந்து அதை அடிக்கவும் செய்யாதீர்கள். அவர் பக்கத்தில் நாய் இருக்கட்டும், உங்கள் பக்கத்தில் இல்லாமல் இருக்கட்டும். மாமா என்ன பேசினார் என்று ஒன்றும் ஞாபகமில்லை என்று எழுதிய அதே கடிதத்தில் அவருடைய வாக்கியம் ஒன்றை அவர் சொன்னபடியே, பேச்சு மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். கவனித்தீர்களா? வீட்டைப் பற்றிய உங்கள் இரண்டாவது பக்கம் அந்த வாக்கியத்தில் தொடங்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி எனக்குப் பாக்கி இருக்கிறது. போகவே போகாத ஒரு பாலைவனத்தில் அவர் ஏன் திரும்பத் திரும்ப நாயைத் தேடினார்? ஒட்டகம் எத்தனை, பாம்பு உண்டா என்றெல்லாம் கேட்காமல், நாய். நீங்கள் அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவருடைய கூடப்பிறந்தவர்களோ, பழைய சிநேகிதரோ யாராவது இருந்தால் இந்த வாரமே ஒரு போன் போடுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: சின்ன வயசில் மாமா வீட்டில் நாய் இருந்ததா?